மாத்திரையும் குறிப்பறிதலும்

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். ஒன்று பொருட்பாலில், 71ஆவது அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில், 110ஆவது அதிகாரம். முதலாவது, ஒருவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் முகம் பார்த்து மனத்தில் உள்ளதை அறிந்துகொள்ளும் திறனைப் பேசுகிறது. இரண்டாவது, காதலியின் பார்வையில் ஒளிந்திருப்பதைப் படித்துக்கொள்ளும் காதலனைப் பற்றியது. தமிழ்ப்பள்ளியில் குறள் மனனம் செய்த காலத்தில், ஒரே தலைப்பை ஏன் இருமுறை வைத்தார் என்று நான் யோசித்ததே இல்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்பில் விரிவுரையாளர் 'சோஷியல் காக்னிஷன்' என்று வெண்பலகையில் எழுதி ஒரு மணி நேரம் விளக்கியபோதுதான், இவர் சொல்வது நம் குறிப்பறிதல் அல்லவா என்று தோன்றியது.

பிறர் முகத்தையும் குரலையும் படிப்பது, சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது, இந்த இடத்தில் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அறிவது, ஒருவர் செய்த காரியத்துக்கு என்ன காரணம் என்று ஊகிப்பது ஆகிய யாவும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். சமூக அறிதிறன் என்று மொழிபெயர்க்கலாம். எனக்கு என்னவோ குறிப்பறிதல் என்பதே பிடித்திருக்கிறது. இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். மூன்றாம் ஆண்டு மாணவன். இருந்தும் இதை எழுதக் காரணம் என் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. அவருக்கு மனச்சிதைவு நோய் உண்டு. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது தம்பி, ஆனா ஊர் பேரு போடாதே" என்றார். அதனால் ஊர்ப் பெயர் இல்லை.

மாமாவுக்கு நோய் கண்டபோது வயது 24. தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. முதலில் தூக்கம் போனது. பிறகு, உடன் வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். அதற்குப் பிறகு யாருமே இல்லாத அறையில் அவரைத் திட்டும் குரல்கள் கேட்டன. வீட்டில் வழக்கம்போல் செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், கயிறு கட்டினார்கள், மலாய்க்காரர் ஒருவரிடம் ஓதிய தண்ணீர் வாங்கி வந்தார்கள். மருத்துவமனைக்குப் போக ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம்தான் காரணம். அங்குள்ள மனநல மருத்துவமனை 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஊரின் பெயர் நம்மவர் வாயில் இன்னும் வசைச்சொல்லாகவே இருக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் குரல்கள் தணிந்தன; சில மாதங்களில் ஏறக்குறைய நின்றுவிட்டன. பாட்டி கோயிலில் பால்குடம் எடுத்தார். எங்கள் வீட்டுச் சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது.

ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து, "அரிசி தீர்ந்து போச்சு" என்றார். மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாக்கா, நானும் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்து பார்த்தால் அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போனபோது, அழுதுகொண்டிருந்த அத்தையிடம் போய் அவர்கள் புதிதாக வாங்கிய காரின் விலையைக் கேட்டார். விருந்துக்கு வந்தவர் "சாப்பாடு வேண்டாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னதும் அவர் முன்னாலிருந்த இலையை எடுத்துவிட்டார். நம் ஊரில் முதல் 'வேண்டாம்' என்பதற்கு 'இன்னொரு தடவை கேளுங்கள்' என்பதுதான் பொருள் என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாமாவுக்கு மட்டும் வேண்டியிருந்தது.

"மருந்து சாப்பிட்டும் திமிர் போகல" என்றார் பெரியப்பா. "மருந்துதான் இப்படி மந்தமாக்கிடுச்சு" என்றார் இன்னொருவர். இரண்டுமே தவறு என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று எனக்கு 13 வயது. "மாமா, நீங்க வேணும்னே நடிக்கிறீங்க" என்று நானும் ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. கோபப்படவில்லை என்பதையே அன்று என் கட்சிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் மருந்தின் கதையைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு மருந்து நிறுவனம் ஒன்று குளோர்ப்ரோமசின் என்ற பொருளைத் தயாரித்தது. மனநோய்க்காக அன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் உடலையும் மனத்தையும் அமைதிப்படுத்த வழி தேடிக்கொண்டிருந்த ஹென்றி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். நோயாளிகள் மயங்கவில்லை, ஆனால் சுற்றி நடப்பதைப் பற்றிய பதற்றம் இல்லாமல் இருந்தார்கள். 1952ஆம் ஆண்டு பாரிசில் சான்தான் மருத்துவமனையின் மருத்துவர்களான ழான் தெலேயும் பியர் தெனிக்கரும் இதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார்கள். லார்காக்டில் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. 1958ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பால் யான்சன் குழுவினர் ஹாலோபெரிடால் மருந்தைக் கண்டுபிடித்தனர்.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. மூளை நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். அது ஒரு நரம்பணுவிலிருந்து வெளிப்பட்டு அடுத்த அணுவில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அவற்றுள் டி2 என்ற வகை ஏற்பியை இம்மருந்துகள் அடைத்துவிடுகின்றன. பூட்டுத் துளையில் வேறொரு குச்சியைச் செருகிவிட்டால் சாவி நுழையாது அல்லவா, அதுபோல. எந்த மருந்து டி2 ஏற்பியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறதோ, அந்த அளவுக்கு அது குறைந்த அளவிலேயே நோயைக் கட்டுப்படுத்துகிறது என்பது 1970களில் தெளிவாயிற்று. டோபமைன் பற்றிய ஆய்வுக்காக சுவீடனின் அர்விட் கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, டோபமைனை அடைத்தால் குரல் ஏன் நிற்க வேண்டும்? இதற்கு ஷித்திஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. என் பாணியில் சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கும்போது முக்கியமான வரிகளின் மீது மஞ்சள் மை பூசுகிறோம். டோபமைன் மூளையின் மஞ்சள் மைப் பேனா. இதைக் கவனி, இது உனக்கு முக்கியம் என்று அது அடையாளம் போடுகிறது. நோய் முற்றும்போது அந்தப் பேனா கட்டுமீறி ஒழுகத் தொடங்குகிறது. பேருந்தின் எண், பக்கத்து வீட்டுக்காரரின் இருமல், வானொலியில் வந்த ஒரு சொல் என எல்லாமே மஞ்சளாகிவிடுகின்றன. எல்லாம் தன்னைக் குறித்தே நடப்பதாகத் தோன்றுகிறது. அதற்கு ஒரு காரணம் கற்பிக்க மனம் தவிக்கிறது. 'என்னை யாரோ பின்தொடர்கிறார்கள்' என்பது அந்தத் தவிப்புக்குக் கிடைத்த விடை. மருந்து என்ன செய்கிறது என்றால், பேனாவின் மையை வற்றச் செய்கிறது. புதிதாக மஞ்சள் விழுவதில்லை; பழைய மஞ்சளும் மெல்ல வெளிறுகிறது.

இந்த உவமையை இன்னும் ஓர் அடி நீட்டினால் எங்கள் வீட்டுச் சிக்கல் விளங்கிவிடும். பேனா ஒழுகுவது நின்றுவிட்டது என்பதற்காக, பக்கத்தில் எழுதியிருப்பது புரிந்துவிடுமா? வாசித்துப் பொருள் அறிவது வேறு திறன். பிறர் மனத்தை ஊகிக்க மூளையில் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியின் நடுப்புறம், காதுக்கு மேலே பொட்டெலும்பை ஒட்டிய பகுதி, அச்சத்தை அடையாளம் காண உதவும் அமிக்டலா ஆகியவை கூடி வேலை செய்கின்றன. டி2 ஏற்பிகளை அடைப்பதால் மட்டும் இவற்றின் கூட்டுவேலை சீராகிவிடாது.

குறிப்பறிதலை எப்படி அளக்கிறார்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பல வழிகள் உண்டு. முகப் படங்களைக் காட்டி மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வெறுப்பு, வியப்பு இவற்றுள் எது என்று கேட்பது ஒரு வழி. மனச்சிதைவு உள்ளவர்கள் மகிழ்ச்சியை ஓரளவு நன்றாகவே கண்டுகொள்கிறார்கள். அச்சம் போன்ற எதிர்மறை உணர்ச்சிகளில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மற்றொன்று 1995ஆம் ஆண்டு ரியானன் கோர்கரனும் கிறிஸ் ஃப்ரித்தும் மற்றொருவரும் வெளியிட்ட 'குறிப்புச் சோதனை'. 10 சிறு கதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாத்திரம் எதையோ நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லும். அவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார் என்பதுதான் கேள்வி. இதைப் படித்த அன்று நூலகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'அரிசி தீர்ந்து போச்சு' என்பதை அப்படியே பதினோராவது கதையாகச் சேர்த்துவிடலாம்.

கண்களை மட்டும் வெட்டியெடுத்த 36 படங்களைக் காட்டி உணர்ச்சியைக் கேட்கும் சோதனை ஒன்றும் உண்டு. நான் செய்து பார்த்தேன், 25 சரி. பெருமைப்பட ஒன்றுமில்லை. அதிலுள்ள கண்கள் எல்லாம் சஞ்சிகைகளிலிருந்து எடுத்த வெள்ளைக்காரர்களின் கண்கள். எங்கள் பாட்டி இதில் எத்தனை வாங்கியிருப்பார்? ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டில் சண்டை என்று வாசல் கோலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் அவர். குறிப்பு என்பது மொழியோடும் பழக்கத்தோடும் பிணைந்தது. ஒரு நாட்டில் செய்த சோதனையை மொழிபெயர்த்து மட்டும் இன்னொரு நாட்டில் வைப்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இனி முக்கியக் கேள்விக்கு வருவோம். மாத்திரை குறிப்பறிதலைச் சீராக்குகிறதா?

1990களில் புதிய தலைமுறை மருந்துகள் வந்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின் முதலிய இவை பழைய மருந்துகளைப் போல் உடலை விறைக்க வைப்பதில்லை. ஆகவே அறிவையும் பழகும் திறனையும் மேம்படுத்தும் என்று எதிர்பார்த்தார்கள். 2007ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், பழைய ஹாலோபெரிடால் ஆகிய மூன்றையும் எட்டு வாரங்கள் கொடுத்து ஒப்பிட்டது. குறிப்பறிதலில் எந்த மருந்தும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தரவில்லை. அமெரிக்க அரசின் நிதியுதவியோடு ஏறக்குறைய 1,500 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட 'கேட்டி' என்ற பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 2005ஆம் ஆண்டு வந்தன. 18 மாதங்களுக்குள் 74 விழுக்காட்டினர் தமக்குக் கொடுக்கப்பட்ட மருந்தை ஏதோ ஒரு காரணத்தால் விட்டுவிட்டார்கள் என்பது அதில் எல்லாரையும் அதிரவைத்த செய்தி. அதே ஆய்வில் பங்கேற்றவர்களின் முகவுணர்ச்சி அறியும் திறனைப் பற்றிய கட்டுரை 2009ஆம் ஆண்டு வந்தது. இரண்டு மாத மருந்துக்குப் பின் மாற்றம் மிகச் சிறிது. ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

சோதனையில் மதிப்பெண் உயர்ந்தாலும்கூட எச்சரிக்கை தேவை. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கூடும். நினைவாற்றல் முதலிய பொதுவான அறிதிறன்களைப் பற்றி 2007ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வு, மருந்து எடுத்தவர்களோடு நோயே இல்லாதவர்களையும் அதே சோதனைகளை மீண்டும் எழுத வைத்தது. இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்வுதான். அப்படியானால் மருந்தின் பயன் என்று கொண்டாடியதில் பெரும்பகுதி பழக்கத்தின் பயன். இவ்வளவு எளிய விஷயத்தை முன்பே யோசித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தேர்வு முடிந்த பிறகு விடை எல்லாருக்கும் எளிதுதான்.

அப்படியென்றால் மருந்துதான் மந்தமாக்கியது என்று சொன்ன உறவினர் சொன்னது சரியா? இல்லை. இன்னும் ஒரு மாத்திரைகூட எடுக்காத, புதிதாக நோய் கண்டவர்களிடமும் இக்குறை காணப்படுகிறது. நோயே இல்லாத உடன்பிறந்தோரிடம்கூடச் சிறிய அளவில் இருக்கிறது. குரல்கள் நின்று நோயாளி அமைதியாக இருக்கும் காலத்தில் குறை கொஞ்சம் குறைகிறது. ஆனால் முழுவதும் மறைவதில்லை. ஆக, குறை நோயின் பகுதி. மருந்தின் விளைவு அன்று.

ஆனால் மருந்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூளையைப் படம் பிடிக்கும் ஆய்வுகளில், டி2 ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டால் நோய் கட்டுப்படத் தொடங்குகிறது என்றும், ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டும்போது கைகால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். இடையிலுள்ள சந்து குறுகலானது. அளவு கூடிவிட்டால் முகத்தசைகளும் விறைத்துப்போகின்றன. கண் சிமிட்டுவதுகூடக் குறைகிறது. இப்போது எதிரே இருப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். நான் ஒரு நகைச்சுவை சொல்கிறேன். மாமாவின் முகத்தில் அசைவில்லை. என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் எழுந்து போய்விடுகிறேன். அவர் உள்ளுக்குள் சிரித்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கு என் குறிப்பு புரியவில்லை என்று குறைப்படும் நான், அவருடைய குறிப்பைப் படிக்கவில்லை. குறிப்பறிதலில் இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு முகத்தையே சோதிக்கின்றன.

விறைப்பைப் போக்க பென்செக்சால் போன்ற இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். அது நினைவாற்றலை மங்கச் செய்யக்கூடும். தூக்கம், உடல் எடை கூடுதல் இவையும் உண்டு. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். நம்மவர்கள் சொல்வதில்லை. மருத்துவர் "ஓகே?" என்பார், நாம் "ஓகே டாக்டர்" என்போம், அடுத்த சந்திப்புக்குத் தேதி எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். மாமாவின் முகவிறைப்பை எங்கள் வீட்டில் யாரும் மூன்று வருடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தோமே தவிர, பக்கவிளைவு என்று யாரும் நினைக்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் செய்தது வேறு. மாமா சரியாகிவிட்டார், இனி இந்த மந்தம்தான் பாக்கி, அதற்கு மருந்துதான் காரணம் என்று குடும்பமே கூடி முடிவு கட்டியது. மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினோம். முதல் மாதம் அவர் உற்சாகமாக இருந்தார். எல்லாரும் மகிழ்ந்தோம். நான்காவது மாதம் இரவு இரண்டு மணிக்கு வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆணி அடித்து மூடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு 41 நாள் மருத்துவமனை வாசம்.

2012ஆம் ஆண்டு 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து வெளிவந்த கணக்கு இது: மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 27 விழுக்காடு, மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காடு. இந்த இரண்டு எண்களும் அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நூற்றில் 27 பேருக்கு மருந்து எடுத்தும் திரும்புகிறது, 36 பேருக்கு நிறுத்தியும் அந்த ஓராண்டுக்குள் திரும்பவில்லை. யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லும் வழி இன்னும் இல்லை.

முழுவதும் நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைத்தால் என்ன? மக்களோடு பழகும் திறன் திரும்புமா? இதில் ஆய்வாளர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதன்முறை நோய் கண்டவர்களை ஏழாண்டுகள் பின்தொடர்ந்த டச்சு ஆய்வொன்று 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடக்கத்தில் மருந்தைக் குறைத்த குழுவில் 40 விழுக்காட்டினரும், தொடர்ந்து எடுத்த குழுவில் 18 விழுக்காட்டினரும் நல்ல மீட்சி அடைந்திருந்தார்கள். அதில் இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். எனினும் பலருக்கு அது நம்பிக்கை தந்தது. பிறகு இங்கிலாந்தில் 253 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023ஆம் ஆண்டு வந்தது. இவர்கள் நெடுநாள் நோயாளிகள். இரண்டு ஆண்டுகள் மெல்லக் குறைத்துப் பார்த்தும், பழகி வாழும் திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்த குழுவில் 25 விழுக்காடு, குறைக்காத குழுவில் 13 விழுக்காடு. நடத்தியவர்களே மருந்துக் குறைப்பை ஆதரித்தவர்கள்; தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு.

புதிய மருந்துகள் வருமா? சனோமெலினும் டிரோஸ்பியமும் சேர்ந்த மாத்திரை ஒன்றுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. டோபமைன் ஏற்பியை அடைக்காமல் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து அது. எழுபது ஆண்டுக்கால வரலாற்றில் இது உண்மையிலேயே புதிய பாதை. அது குறிப்பறிதலுக்கு உதவுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். அறிதிறனை மேம்படுத்தவென்றே உருவாக்கப்பட்ட இக்ளெபெர்டின் என்ற மருந்து, இறுதிக்கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பயன் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. தாய்ப்பால் சுரக்க உதவும் ஆக்சிடோசினை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வு பயனுண்டு என்கிறது, அடுத்தது இல்லை என்கிறது.

மாத்திரையால் ஆகாதது பயிற்சியால் கொஞ்சம் ஆகிறது. அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் டேவிட் பென்னும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய குழுப் பயிற்சி ஒன்று உண்டு. கேட்டி ஆய்வில் முகவுணர்ச்சிக் கட்டுரையை எழுதியதும் இதே பென் குழுதான். மருந்தின் எல்லையைக் கண்டவரே பயிற்சியின் பக்கம் உழைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறையாகச் சில மாதங்கள், ஐந்தாறு பேர் கூடி உட்காருவார்கள். முதலில் முகங்களைப் படிக்கப் பழகுகிறார்கள். அடுத்து, ஒரு நிகழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்று எண்ணப் பழகுகிறார்கள். நண்பர் பார்த்தும் பேசாமல் போனால், அவருக்கு என் மீது வெறுப்பா, கண்ணாடி போடவில்லையா, அவசரமா? கடைசியாக, தன் சொந்த வாழ்க்கையில் சந்தேகம் வரும்போது நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கப் பழகுகிறார்கள். இத்தகைய பயிற்சிகளில் முகமறிதல் நன்றாகவே முன்னேறுகிறது என்று 2012ஆம் ஆண்டு தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. 'எல்லாரும் எனக்கு எதிரி' என்ற எண்ணப்போக்கை மாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. பயிற்சிக்கு வந்து உட்காருவதற்கே முதலில் குரல்கள் அடங்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை கதவைத் திறக்கிறது. உள்ளே நடந்து போவது தனி வேலை.

2011ஆம் ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்வைப் படித்தபோதுதான் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று விளங்கியது. வேலை, நட்பு, தனித்து வாழ்தல் இவற்றோடு நினைவாற்றலைவிடவும் கவனத்தைவிடவும் குறிப்பறிதலுக்குத்தான் நெருங்கிய தொடர்பு. மாமாவுக்கு இயந்திரம் பழுது பார்ப்பது இன்றும் மறக்கவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன. ஆனால் மூன்று இடங்களில் வேலைக்குச் சேர்ந்து மூன்றையும் இழந்தார். காரணம் திறமைக்குறைவு அன்று. மேலாளர் "டைம் ஆச்சு போலிருக்கே" என்றதற்கு மணிக்கூட்டைப் பார்த்து மணி சொன்னதுதான்.

மொழிக் கழக மலரில் எழுதுவதால் பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயரை 1908ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஓய்கன் பிளாய்லர் வைத்தார். கிரேக்கத்தில் பிளவுபட்ட மனம் என்று பொருள். அந்தப் பொருளாலேயே இது ஓர் உடலில் இரண்டு ஆள் இருக்கும் நோய் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நம் திரைப்படங்களுக்கும் அதில் பங்குண்டு. அது வேறு நோய். ஜப்பானியர்கள் 2002ஆம் ஆண்டு தங்கள் மொழியில் 'மனம் பிளந்த நோய்' என்றிருந்த பெயரை 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்று மாற்றினார்கள். 2010களின் தொடக்கத்தில் தென்கொரியர்கள் வைத்த பெயர் இசையிலிருந்து வந்தது. நரம்புக் கருவியின் தந்தியைச் சுருதி சேர்ப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. நாம் 'மனச்சிதைவு' என்கிறோம். சிதைந்தது மீண்டும் சேருமா? ஒவ்வொரு முறை இச்சொல்லை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்டவர் மனம் உடையாத ஒரு பெயரை நம் தமிழ்த்துறை நண்பர்கள் யோசித்தால் நல்லது.

மாமாவுக்கு மருந்து மாற்றப்பட்டு ஆறு வருடமாகிறது. முகவிறைப்பு பெருமளவு குறைந்துவிட்டது. பென் குழுவின் பயிற்சி எங்கள் ஊரில் இல்லை. படித்ததை வைத்துக்கொண்டு விடுமுறையில் நானே வீட்டில் சிலவற்றை மாற்றிப் பார்த்தேன். முதலில் மாற வேண்டியிருந்தது நாங்கள்தான். குறிப்பாகச் சொல்வதை நிறுத்தினோம். அம்மாவுக்கு இது கடினமாக இருந்தது. "இப்படிப் பச்சையா சொன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கேடா" என்றார். ஆனாலும் பழகிக்கொண்டார். "தம்பி, அரிசி இல்ல. கடைக்குப் போய் பத்து கிலோ வாங்கிட்டு வா. இப்பவே." மாமா எழுந்து போனார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

முகம் புரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்டுவிடச் சொல்லி அவரிடம் சொல்லியிருந்தேன். சென்ற தீபாவளிக்கு முதல் நாள், முறுக்குப் பிழிந்து முடித்துவிட்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா வந்து எதிரில் நின்றார். கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"அக்கா, கோவமா இருக்கியா? இல்ல களைப்பா?"

"களைப்புடா" என்றார் அம்மா.

மாமா போய்த் தேநீர் போட்டு வந்தார். சர்க்கரை அதிகம். அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். பிறகு ஞாபகம் வந்தவராய், "சீனி கூடப் போச்சு, அடுத்த தடவ ஒரு கரண்டி போதும்" என்றார்.